கோண்டாவை நான் சாகவிடேல்லை

ஜப்பான்காரன் எழுதின கதையில ஒருத்தன் செத்தா எனக்கென்ன? அவன் என்ர மாமன்ர மகனோ, மச்சானோ? ஆனா கோண்டா எண்ட அந்தச் சமையல்காரன் செத்துப்போன வியாழக்கிழமை பின்னேரம், வேலையால வந்த உடுப்போட குசினிக் கதிரையில இருந்து நான் பேசின பேச்சில, என்ர மனுசன் சிறி ரீவியை நிப்பாட்டிப்போட்டு ஓடி வந்தவர்.

"ஆரையப்பா உப்பிடித் திட்டுறாய்?"

"கதை எழுதினவனை."

"ஆர் அவன்?"

"ஆருக்குத் தெரியும்! நாசமாப் போவான், நல்லாச் சமைச்சுக்கொண்டிருந்த மனுசனைக் கொண்டுபோட்டான்."

சிறி என்னை மேலையும் கீழையும் பாத்துப்போட்டு ரீ ஊத்தப் போட்டார். அவருக்கு விளங்காது. எனக்கே விளங்காமல்தான் நான் இந்தக் கோதாரிக்குள்ள விழுந்தனான்.

என்ர பேர் நிரஞ்சினி. சிட்னியில, வென்ட்வேர்த்வில்லில இருக்கிறன். வயது போனாக்களை வைச்சுப் பாக்கிற ஒரு இல்லத்தில உடுப்புத் தோய்க்கிற பகுதியில வேலை. கதைப் புத்தகம் வாசிக்கிற பழக்கமெல்லாம் பள்ளிக்கூடத்தோட விட்டுப்போச்சு. அப்பிடிப்பட்ட நான் கிழமைக்குக் கிழமை டிக்சனறியும் கையுமா இருந்து, இன்ரநெற்றில வாற ஜப்பான் விண்வெளிக் கதை ஒண்டை வாசிக்கிறனெண்டால், அதுக்கு ஒரே காரணம் லதீஸ்.

லதீஸ், யாழ்ப்பாணத்தில என்னோட ஒண்டாப் படிச்ச பிரியதர்சினியின்ர ஒரே தம்பி. இருபத்தாறு வயது. 2010 இல அகதியா வள்ளத்தில வந்தவன். முதல் ஒரு தீவில அடைச்சு வைச்சிருந்தாங்கள், பேந்து சிட்னித் தடுப்புக் காம்புக்குக் கொண்டு வந்தாங்கள். இந்தா 2012 உம் பாதி போட்டுது, இன்னும் உள்ளுக்குத்தான். ஏனெண்டு கேட்டால் 'பரிசீலனையில இருக்கு'. எப்ப முடியும் எண்டு கேட்டால் 'சொல்லேலாது'. இந்த ரெண்டு பதிலையும் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்த அழுத்தம் வந்திட்டுது. அவனுக்கு வராமல் இருக்குமோ?

தீவில இருக்கேக்க, கொம்பியூட்டர் அறையில ஆரோ திறந்துவிட்டுப் போன பக்கமாம். அதில இந்தக் கதை. ஜப்பான்ல ஒருத்தன் எழுத, மலேசியாவில இன்னொருத்தன் இங்கிலீசில மாத்தி வியாழக்கிழமைகளில போடுறான். லதீஸ் அங்க இருந்து நாப்பது அத்தியாயம் வாசிச்சிட்டான். சிட்னிக் காம்பில அந்தப் பக்கத்தைத் தடை செய்து வைச்சிருக்கினம். அது 'கேம்ஸ்' எண்டு வருதாம்! "அக்கா, கப்டனுக்குப் பேந்து என்ன நடந்தது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்" எண்டு போன வருசம் ஒருநாள் கேட்டான். அவன் என்னட்டை வேற ஒண்டுமே கேட்டதில்லை. ஓமெண்டிட்டன்.

முதல்ல நான் கெட்டித்தனமா நாலு அத்தியாயத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனனான். காம்பு வாசல்ல நிண்டவன் வாங்கி வைச்சுக்கொண்டு, கடதாசி எல்லாம் பொருள் பகுதியால போகவேணும், ரெண்டு கிழமை எடுக்கும் எண்டான். மூண்டு மாசத்துக்குப் பிறகும் அது போய்ச் சேரேல்லை. அதுக்குப் பிறகுதான் வாயால சொல்லத் தொடங்கினனான். வியாழன் வாசிக்கிறது, சனிக்கிழமை போய்ச் சொல்லுறது.

கதையின்ர தலைப்பைச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்கும். 'மூன்றாந்தரப் பார்சல் கப்பலுக்குக் கப்டன் ஆனேன், புறப்பட்டால் சத்தி வருகிறது, ஆனாலும் நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.' இது தலைப்பாம்! கப்டன் ஹனாயே எண்ட பெட்டைக்குக் கப்பல் வெளிக்கிட்டால் காணும், ஓங்காளிச்சுக்கொண்டு வாளியோடதான் இருப்பாள். கப்பலை ஓட்டுற கொம்பியூட்டருக்கு ஏழாம் இலக்கம் எண்டு பேர். ஆராவது அதட்டிக் கதைச்சால் கோவிச்சுக்கொண்டு மூண்டு நாளைக்கு வாய் திறக்காது. எந்தக் கிரகத்துக்குப் பார்சல் கொண்டு போனாலும் விலாசக்காரர் வேற கிரகத்துக்கு மாறிப் போயிருப்பினம். ஒரு கிரகத்தில எல்லாரும் மன்னிப்புக் கேக்கிற சனமாம். பார்சலுக்குக் கையெழுத்து வைக்க முன்னம் நாலு மணித்தியாலம் மாறி மாறி மன்னிப்புக் கேட்டு முடிய, உள்ளுக்கு இருந்த ஐஸ்கிறீம் உருகி ஒழுகிப்போச்சு. கண்டறியாத கதை! ஆனா நான் சொல்லச் சொல்ல லதீஸ் கதிரையில சரிஞ்சு விழுந்து சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக நான் எந்தக் கண்டறியாததையும் சொல்லுவன்.

கப்பல்லயே அவனுக்குப் பிடிச்ச ஆள் கோண்டா. கிழட்டுச் சமையல்காரன். கப்பல்ல கல்லு வந்து இடிச்சாலும் சரி, கொள்ளைக்காரர் ஏறினாலும் சரி, "சாப்பிட்டியோ?" எண்டு கேட்டு நூடில்ஸ் அவிச்சுக் குடுத்த பிறகுதான் மற்றக் கதை. "எங்கட அம்மாவும் உப்பிடித்தான் அக்கா, பிரச்சினை எண்டால் முதல் அடுப்பைத்தான் மூட்டுவா" எண்டு லதீஸ் ஒருக்காச் சொன்னவன்.

அந்த அம்மா சித்திரை மாசம் செத்துப்போனா.

பிரியதர்சினி எனக்குத்தான் முதல் ரெலிபோன் எடுத்தவள். அழுதழுது சொன்னதில பாதி எனக்குக் கேக்கேல்லை. கேட்ட பாதி இதுதான்: "நிரஞ்சி, தம்பிக்கு மட்டும் சொல்லிப்போடாதை. சொன்னா அடுத்த நாளே திரும்பிப் போறன் எண்டு கையெழுத்து வைச்சிட்டு வந்து நிப்பான். கொழும்பு எயார்போர்ட்டிலயே சி.ஐ.டி.காரர் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். அம்மாவும் போய் அவனும் போனால் நான் என்னடி செய்வன்?"

எப்ப சொல்லுறது எண்டு கேட்டன். விசா கிடைச்சாப் பிறகு எண்டாள். விசா எப்ப கிடைக்கும்? அதை அவளும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. எங்கட சனம் உதுதானே செய்யிறது! தூரத்தில இருக்கிற பிள்ளைக்குச் சாவைச் சொல்லாமல் விடுறது. பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், பிள்ளை பிறக்கட்டும். என்ர சொந்தத் தேப்பன் செத்ததே எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும், வயித்தில பிள்ளை எண்டு மறைச்சவை. அண்டைக்கு நான் எல்லாரோடையும் சண்டை பிடிச்சனான். அப்பிடிச் சண்டை பிடிச்ச நானே பிரியதர்சினிக்கு ஓமெண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

அதுக்குப் பிறகு லதீஸ் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் பிரியதர்சினிக்குப் பொய் சொல்லுறதே வேலை. அம்மா கோயிலுக்குப் போட்டா. அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அம்மா கதிர்காமத்துக்குப் போனவ, வரப் பத்து நாளாகும். சனிக்கிழமை என்னைக் கண்டதும் அவன் கேப்பான்: "அம்மாவுக்கு என்னோட கோவமோ அக்கா?" "சீ, விசர்க்கதை கதையாதை" எண்டு சொல்லிப்போட்டு அவசர அவசரமாக் கப்பலுக்குள்ள ஏறிவிடுவன். விண்வெளியில நிண்டால் எனக்கு நிம்மதி. அங்க ஒருத்தரும் சாகேல்லை.

அப்பிடி இருக்கேக்கதான் அறுபத்தோராம் அத்தியாயத்தில அந்த அறுவான் கோண்டாவைச் சாக்காட்டினான். ஒரு அறிகுறி இல்லை, ஒரு நோய் வருத்தம் இல்லை. காலமை கப்டன் குசினிக்குப் போறாள், அடுப்பு குளிர்ந்து கிடக்கு. அவ்வளவுதான். அறுபது அத்தியாயம் சிரிக்க வைச்சுப்போட்டு இவனுக்கு ஏன் இந்த வேலை?

சனிக்கிழமை லதீஸுக்கு முன்னால போய் இருக்கிறன். அந்த இடத்தில இருந்துகொண்டு ஒருத்தன் செத்துப்போனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒரு சாவைச் சொல்லத் தொடங்கினால் மற்றதும் வாயில வந்திடும் எண்டு பயம் வேற.

"கோண்டா இந்தக் கிழமை என்ன சமைச்சவர்?" எண்டு கேட்டான்.

"புட்டு" எண்டன்.

"புட்டோ!"

"ஓம். நூடில்ஸ் அலுத்துப்போச்சாம். தேங்காய்ப்பூ மிதந்து போய் இயந்திரத்துக்குள்ள புகுந்து கப்பல் நிண்டுபோச்சு."

அண்டைக்கு அவன் சிரிச்ச சிரிப்பில பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பாத்தவை. சரி, தப்பினன் எண்டு நினைச்சன். எங்க தப்பினது! செத்தவனை வைச்சுச் சமைப்பிக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு அதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். கதையில இனி எல்லாம் கோண்டா இல்லாததைப் பற்றித்தான். அறுபத்திமூண்டில கோண்டாவின்ர கத்தியை அவரின்ர தமையனிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கினம். நான் அதை ஆரோ முகம் தெரியாத கிழவன்ர கத்தி எண்டு மாத்தினன். "அப்ப ஏனக்கா கப்டன் அழுதவள்?" எண்டு கேட்டான். "வெங்காயம் உரிச்சவள்" எண்டன். "கப்டன் ஏன் வெங்காயம் உரிக்கிறாள், கோண்டா எங்க?" எண்டான். "கோண்டாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு" எண்டு வாயில வந்திட்டுது. சொன்ன உடனை நாக்கைக் கடிச்சன். அவன் என்னைப் பாத்துக்கொண்டே கோப்பியைக் குடிச்சான்.

ஆறு கிழமை இப்பிடி இழுத்தன். வேலையில படுக்கை விரிப்பு மடிக்கேக்கையும் யோசினை, கோண்டா வாற சனிக்கிழமை என்ன செய்வார் எண்டு. நான் ஆர், கதாசிரியரோ? எனக்குத் தலையெழுத்தோ? இந்தக் கூத்துக்குள்ள மலேசியாக்காரன் பரீட்சை எண்டு எழுதிப் போட்டுவிட்டு மூண்டு கிழமையா ஒண்டும் போடேல்லை. என்னட்டைச் சரக்கு முடிஞ்சுது. பார்சலைக் கொண்டுபோக எனக்குக் கிரகமும் இல்லை.

மேய்ஸ் ஹில் முருகன் கோயில்ல சாப்பாட்டு வரிசையில நிக்கேக்க சஞ்சயைக் கண்டன். ஹோம்புஷில இருக்கிற இந்தியப் பொடியன், ஐ.டி. வேலை. சென்னையில ஜப்பான் கொம்பனி ஒண்டில இருந்து பாசை பழகினவன் எண்டு ஆரோ சொல்லிச்சினம். முருகனே அனுப்பினவர் எண்டு நினைச்சு, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில வைச்சே பிடிச்சிட்டன். ஜப்பான் மொழியிலயே வாசிச்சு வந்து சொல்லுவீரோ எண்டு கேட்டன். "ஓ, கண்டிப்பா மேடம்! எனக்கு இந்த மாதிரி கதைன்னா உயிரு" எண்டான். ரெண்டு கிழமையில முழுக்க வாசிச்சும் முடிச்சிட்டான், கெட்டிக்காரன்.

போன சனிக்கிழமை என்ர காரில கூட்டிக்கொண்டு போனன். வழி முழுக்க ஒரே பாட்டுத்தான் படிச்சனான்.

"தம்பி, கோண்டா செத்தது அவனுக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேயும்."

"சரிங்க மேடம்."

"செத்தவர் எண்ட சொல்லே வரக்கூடாது."

"வராது மேடம். என்னை நம்புங்க."

அம்மாவின்ர கதையை நான் அவனுக்குச் சொல்லேல்லை. அறியாதவன் வாயில வராது எண்டு நினைச்சன். என்ர புத்தி அவ்வளவுதான்.

உள்ளுக்குப் போய் இருந்தம். லதீஸ் மெலிஞ்சிருந்தான், கண்ணுக்குக் கீழ கறுத்திருந்தது. ஆனா ஜப்பான் தெரிஞ்ச ஆள் எண்டதும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டான். சஞ்சய் நல்லாத்தான் சொன்னான். என்னைப்போல முக்கி முனகாமல், கையைக் காலை ஆட்டி, ஏழாம் இலக்கத்துக்கு ஒரு குரல், கப்டனுக்கு ஒரு குரல்.

"எழுபதாவது சாப்டர்ல ஏழாம் நம்பர் சமைக்கப் பாக்குது. உப்புன்னு நெனச்சு எஞ்சின் பவுடரப் போட்டுருது. கிச்சன் பூரா நீலக் கலர்ல நுரை! கேப்டன் கழுத்து வரைக்கும் நுரையில நின்னு அதைத் திட்டிக்கிட்டே நூடுல்ஸ் பண்றா. ஒரு கையில வாளி வேற!"

லதீஸ் சிரிச்சான். நானும் சிரிச்சன். எத்தினை கிழமைக்குப் பிறகு நான் பொய் சொல்லாமல் இருந்து கதை கேக்கிறன்!

"ஒருவழியா நூடுல்ஸ் ரெடி. முதல் கிண்ணத்த எடுத்துட்டுப் போய், கோண்டா போட்டோ முன்னாடி வெச்சு, 'சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க'ன்னு சொல்றா. அப்புறம்தான் எல்லாரும்..."

லதீஸின்ர சிரிப்பு நிண்டுபோச்சு.

சஞ்சய் ஒரு பிழையும் விடேல்லை. செத்தவர் எண்ட சொல் அவன்ர வாயில வரவே இல்லை. ஆனா படத்துக்கு முன்னால சாப்பாடு வைச்சதெண்டால் தமிழனுக்கு அதுக்கு மேல என்னத்தை விளங்கப்படுத்துறது?

"எப்ப?" எண்டு கேட்டான் லதீஸ். சஞ்சய் என்னைப் பாத்தான்.

"அறுபத்தொண்டில" எண்டன் நான்.

"புட்டு அவிச்ச கிழமை."

"ஓம்."

கோவிக்கட்டும், கத்தட்டும் எண்டு நான் காத்துக்கொண்டிருந்தன். ஒரு பார்சல் கப்பல் கதைதானே, சிரிச்சுப்போட்டு விடுவான் எண்டும் ஒரு பக்கம் நினைச்சன். அவன் என்னை நேராப் பாத்தான்.

"அம்மாவின்ர படத்துக்கு முன்னாலயும் வைச்சாச்சோ அக்கா?"

ஐயோ, முருகா. எனக்கு எத்தினை பொய் தெரியும்! கதிர்காமம் தெரியும், தொண்டை தெரியும், தேங்காய்ப்பூ மிதக்கிறது தெரியும். ஒண்டும் வரேல்லை. சஞ்சய் எழும்பிக் கோப்பி எடுக்கப் போறன் எண்டு போட்டான், கோப்பை அவன்ர கையிலயே இருந்தது.

"சித்திரை பதினொண்டு" எண்டன். "நித்திரையிலயே போட்டா. ஒரு கஷ்டமும் படேல்லை."

"கொள்ளி ஆர் வைச்சது?"

"மாமாவின்ர மகன்."

"முப்பத்தொண்டாம் நாள் காரியம்?"

"எல்லாம் முறையாச் செய்தவை தம்பி. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு உன்ர அக்காதான் கெஞ்சிக் கேட்டவள். நீ கையெழுத்து வைச்சிட்டு வந்திடுவாய் எண்டு பயம். அம்மாவைப் பாக்க எண்டு வெளிக்கிட்டால் உன்னைப் பிடிச்சுக்கொண்டு..."

"நான் வைச்சிட்டன் அக்கா."

"என்னத்தை?"

"கையெழுத்து. புதன்கிழமை. வாற வெள்ளி பிளேன்."

"ஏன்ரா? ஆரைக் கேட்டு வைச்சனி?" எண்டு கத்திப்போட்டன். அறை முழுக்கத் திரும்பிப் பாத்தது, பாக்கட்டும்.

"மூண்டு மாசமா அம்மா ரெலிபோனுக்கு வரேல்லை" எண்டு அவன் மெல்லமாச் சொன்னான். "வீட்டில அக்கா சொல்லுற ஒண்டும் பொருந்தேல்லை. அம்மா கடுமையா வருத்தமாக் கிடக்கிறா, எனக்கு மறைக்கினம் எண்டு நினைச்சன். கண்ணை மூட முன்னம் ஒருக்காப் போய்ப் பாத்திடுவம் எண்டு."

நான் எழும்பி ஓடினன். வாசல் மேசையில இருந்தவனிட்டை, அந்தக் கடதாசியைத் திருப்பி எடுக்கவேணும், இப்பவே எடுக்கவேணும் எண்டன். ஒப்பீஸ் சனி ஞாயிறு பூட்டு, திங்கள் காலமை அவரே வந்து சொல்லவேணும் எண்டான். திங்கள் வரைக்கும் பொறுக்கேலாது எண்டன். திங்கள் எண்டான். அவனோட கத்தினன், மேசையில அடிச்சன். அவனில என்ன பிழை? எல்லாப் பிழையும் என்ர வாயில. ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் அழுதிருப்பான், நாங்கள் பக்கத்தில இருந்திருப்பம். சொல்லாமல் விட்டு, எதுக்குப் பயந்தமோ அதை எங்கட கையாலயே செய்து வைச்சிட்டம்.

திரும்பி வந்து அவனுக்கு முன்னால குந்தி இருந்தன். நேரம் முடியுது எண்டு மணி அடிச்சாங்கள்.

"தம்பி, உன்ர கால்ல விழுறன், போகாதை. திங்கக்கிழமை போய் வேண்டாம் எண்டு சொல்லு. பிடிப்பாங்களடா."

லதீஸ் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினான். கண்ணில ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை.

"இனி ஆரைப் பாக்கப் போறது அக்கா?" எண்டான். "திங்கக்கிழமை சொல்லிப்போடுறன், போகேல்லை எண்டு."

அதைக் கேட்ட உடனை எனக்கு நெஞ்சு லேசாப் போச்சு. தாய் செத்ததை அறிஞ்சு கால் மணித்தியாலம் ஆகாத பிள்ளைக்கு முன்னால நிண்டுகொண்டு, "அப்பாடா" எண்டு மூச்சு விட்டன். அவனும் அதைப் பாத்தவன்.